நடுவில் ஒரு சின்னக் 'கடக்'

பழைய ஆம்ப்ளிஃபயரின் இடது பக்கம்
செத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.
எனக்குத் தெரியவில்லை.
அதே நாதசுரத் தட்டைத்தான் ராத்திரிதோறும் போட்டேன்.
தவில்காரர் என்னவோ இப்போதெல்லாம்
அடக்கி வாசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்,
பதிவான கைகளும் அசந்துபோகும் என்பதுபோல.

ஆவுடைதான் சொன்னாள், துணி மடித்தபடி:
"அந்தப் பெட்டி மூச்சே விடலியே, கவனிக்கலியா?"

பாளையங்கோட்டையில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள்.
வலது காதுக்கு விரல் ஓயவில்லை.
இடது காதின் முறை வந்ததும்
மெஷின் நின்றுவிட்டது என்று சொல்ல
எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன்.
உள்ளே வந்த பெண் ஒன்றும் சொல்லாமல்
மறுபடி உட்காரச் சொன்னாள்.

பணகுடிக் காற்றாலையில் பதினாறு வருசம்.
எண்பது மீட்டர் உயரத்தில் கியர்பாக்ஸ் எப்போதும் என் இடப்பக்கம்.
காது மூடி கழுத்தில் தொங்கும்,
மூடினால் மாசானம் கத்துவது கேட்காதே.

சொசைட்டியில் நாற்பதாயிரம் லோன்.
காரணம் என்ற கட்டத்தில் 'வீட்டு உபயோகம்' என்று எழுதினேன்.

வண்ணார்பேட்டையில் காஜா மைதீன் கடை.
ஏசி அறை, சுவரெல்லாம் பஞ்சு.
ஒன்று விரலளவு தடிமன், போனிலிருந்தே பாடும்.
இன்னொன்றில் நான்கு வால்வுகள்
அடுப்புக் கங்குபோல் மெல்லச் சிவந்தன.
விலை கேட்டதும் அதன் அழகை மட்டும் பார்த்துக்கொண்டேன்.
வாட், ஓம், இரைச்சல் விகிதம் என்று அவர் அடுக்க அடுக்க
என் கண் முகப்பில் ஒரு குமிழைத் தேடியது.

"பேலன்ஸா? இப்ப எவன் வைக்கான் அண்ணாச்சி!
சிக்னல் போற தடத்துல எதுக்கு ஒரு ரயில்வே கேட்டு?
சுத்தமா போட்டும்னு விட்டுட்டான்."
நான் காதைத் தொட்டேன்.
அவர் மேற்கொண்டு பேசவில்லை.
கோடவுனுக்குப் போய்
தூசியோடு ஒன்றைச் சுமந்துவந்தார்.
கைமாறிய சாமான், பதினாலு கிலோ,
பின்பக்கம் யாரோ இனிஷியல் கீறியிருந்தார்கள்.

என் தட்டைப் போட்டார்.
குமிழை இடப்பக்கம் திருப்பினேன், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
தொப்பியில் குச்சி விழுந்தது.
கூடவே வலந்தலையில் விரல் கூடு.
நான்காவது சுற்றில் தவில்காரர் தொண்டையைச் செருமினார்.
இத்தனை வருசத்தில் அதைக் கேட்டதேயில்லை.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வள்ளியூர் வரை.
கண்டக்டர் லக்கேஜ் கிழித்தார்.
வீட்டில் கரண்ட் வந்து வந்து போனது.
ஆனிக் காற்று காற்றாடிகளைச் சுற்றிச் சுற்றி
மின்சாரத்தை வேறு எங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது.
ஸ்டெபிலைசர் உறுமி அடங்கிய பின்பு
இருவரும் உட்கார்ந்தோம்.

எனக்குச் சரியாக வைத்தால்
அவளுக்கு ஒரு பக்கம் கூரை சாய்ந்ததுபோல் இருக்கிறதாம்.
அவளுக்குச் சரியாக வைத்தால்
எனக்குத் தவில் பக்கத்துத் தெருவில்.
தீர்மானம் எதுவும் எடுக்கவில்லை.
போட்டவர் திருப்பிக்கொள்வது என்றாயிற்று.

குமிழின் உச்சியில் ஒரு சின்னக் 'கடக்' உண்டு,
சரிபாதியில்.
ஷிப்டு முடிந்து இருட்டில் விரலால் தடவியே
பகலில் அவள் பாட்டு கேட்டாளா என்று அறிந்துவிடுவேன்.
கடக்கில் நின்றால் அவள். இடம் சாய்ந்தால் நான்.

நேற்று அது இரண்டிலும் இல்லை.
வலப்பக்கம் முழுசாகத் திருகி,
முட்டிக்கொண்டு நின்றது.
அந்த நிலையில் இடது பெட்டி மூச்சே விடாது.
அவளுக்கு இரண்டு காதும் நல்ல காது.

அடுக்களையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
நான் கேட்கவில்லை.
தட்டை எடுத்துப் பார்த்தேன்,
அவளுக்குப் பிடிக்காத அந்த நாதசுரம்தான்.
குமிழை அங்கேயே விட்டுவிட்டு
கை கழுவப் போனேன்.